ஃபுட்போர்டில் ஒரு கல்லூரி

தமிழ் சினிமாவில் காலேஜ் என்றால் முதலில் காட்டுவது கேட். பெரிய இரும்பு கேட். அதற்குள்ளே புல்வெளி, அகலமான படிக்கட்டு, கேன்டீன், ஒரு காமெடி புரொபசர், ஒரு கல்ச்சுரல்ஸ் மேடை. கேட்டுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று காட்ட மாட்டார்கள். பஸ் ஸ்டாப் கிடையாது. ஹீரோ பைக்கில் வந்து இறங்குவான். இல்லாவிட்டால் ஹாஸ்டலில் இருப்பான். காலை ஆறரைக்கு சாப்பிடாமல் கிளம்பி, ஓடி வந்து ரயிலைப் பிடித்து, அதில் தொங்கி, இறங்கி, இன்னொரு பஸ்ஸைப் பிடித்து, முதல் பீரியட் பாதியில் வாசலில் வந்து அசடு வழிந்து நிற்கிற பையனை நம் சினிமாவில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அம்பத்தூரில் இருந்தும் ஆவடியில் இருந்தும் திருவள்ளூரில் இருந்தும் சிட்டி காலேஜுக்குப் போகிற பையன் அவன்தான். அவனுக்கு காலேஜ் லைஃப் என்பதே பெரும்பாலும் அந்தப் பயணம்தான்.

மிகையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் கணக்குப் பாருங்கள். பி.காம். படித்தவனுக்கு ஐந்தொகை போட்டுப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. திருவள்ளூரில் இருந்து சேத்துப்பட்டுக்கு வருகிற ஒரு பையன். வீட்டு வாசலில் இருந்து கிளாஸ் வாசல் வரை, காத்திருப்பதையும் சேர்த்து, போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வருஷத்துக்கு 180 வேலை நாள். மூன்று வருஷத்தில் 2,160 மணி நேரம். வகுப்பில் உட்காருவது நாளைக்கு ஐந்து மணி நேரம் என்றால் 2,700 மணி நேரம். அதில் புரொபசர் வராத நாள், ஸ்டிரைக், மழை லீவு, தலைவர் செத்த லீவு, கட் அடித்தது எல்லாவற்றையும் கழியுங்கள். ரெண்டு பக்கமும் டேலி ஆகிவிடும்!

அந்த 2,700 மணி நேரமும் அவனுக்குச் சொந்தமானது இல்லை. பல கல்லூரிகளில் ஷிஃப்ட் முறை. காலை ஷிஃப்ட் பையன் மதியம் இடத்தைக் காலி பண்ண வேண்டும்; அடுத்த ஷிஃப்ட்காரன் அதே பெஞ்சுக்குக் காத்திருப்பான். சாயங்காலம் வரை மரத்தடியில் உட்கார்ந்து கவிதை எழுதலாம் என்றால், அதற்குள் எஸ்டேட்டில் பார்ட்-டைம் வேலை கூப்பிடும். மாணவர் பேரவைத் தேர்தல் என்பது பல இடங்களில் பழங்கதை. அடிதடி வருகிறது என்று நிறுத்தினார்கள். நிறுத்தியபின் அடிதடியும் நின்றபாடில்லை. லிங்டோ கமிட்டி 2006-ல் தேர்தலை எப்படி ஒழுங்காக நடத்துவது என்று விலாவாரியாகச் சொன்னது. யார் படித்தார்களோ!

ஆக, இந்தப் பையனுக்கு காலேஜில் என்ன பதவி இருக்கிறது? செகரெட்டரி ஆக முடியாது. கல்ச்சுரல்ஸ் கமிட்டியில் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவன் இருப்பான். கிரிக்கெட் டீமில் ஷூ வாங்க முடிந்தவன் இருப்பான். மீதி ஒரே ஒரு பதவிதான். ரூட் தல.

(அஜித் ரசிகர்கள் மன்னிக்கவும், இது வேற தல.)

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஒரே பஸ்ஸில் அல்லது ஒரே ரயிலில் ஒரே கல்லூரிக்குப் போகிற மாணவர்கள் சேர்ந்தால் அது ஒரு 'ரூட்'. அதற்கு ஒரு சீனியர் தலைவன். பஸ் சைடில் தட்டி கானா பாட யார் ஆரம்பிப்பது, ஃபர்ஸ்ட் இயர் பையன் எங்கே நிற்பது, வேறு காலேஜ் பையன் ஏறினால் என்ன செய்வது எல்லாம் தல சொல்வதுதான். பாட்டுக்கு பஸ்தான் மேளம். வருஷத்துக்கு ஒருமுறை பஸ் டே. முதலில் அது நல்ல விஷயமாகத்தான் இருந்தது. தினமும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மாலை போட்டு, பஸ்ஸுக்கு வாழைமரம் கட்டி, ஸ்வீட் கொடுப்பார்கள். பிறகு பஸ் கூரை மேல் ஏறினார்கள். போக்குவரத்து நின்றது. 2011-ல் போலீஸோடு பெரிய மோதல் நடந்து, ஐகோர்ட் வரை போய்த் தடையானது. தடைக்குப் பிறகும் நின்றதா? 2019 ஜூன் 17-ம் தேதி, காலேஜ் திறந்த அன்றைக்கே, கூரை மேல் உட்கார்ந்திருந்த மாணவர்கள் பிரேக் போட்டதும் கொத்தாக முன்பக்கம் சரிந்து ரோட்டில் விழுந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிரித்தபடி ஃபார்வேர்டு செய்திருப்பீர்கள்.

இந்த உலகத்தை தமிழ் சினிமா எப்படிப் பார்த்தது என்பதுதான் என் கேள்வி.

ஆச்சரியம் என்னவென்றால், ஆரம்பம் சரியாகத்தான் இருந்தது. 1980-ல் வந்த 'ஒரு தலை ராகம்' பையன்கள் ரயிலில்தான் காலேஜுக்குப் போனார்கள். மயிலாடுதுறைப் பக்கத்துப் பையன்கள், பெல்பாட்டம், தாடி, சொல்ல முடியாத காதல். படமே ரயிலில்தான் முடிகிறது. காமிராவும் நடிப்பும் இன்றைக்குப் பார்த்தால் சிரமம்தான். ஆனால் சின்ன ஊர்ப் பையனுக்கு ரயில் பெட்டிதான் காலேஜ் என்பது டி.ராஜேந்தருக்குத் தெரிந்திருந்தது. அதுவரை பார்க், நீச்சல் குளம் என்று இருந்த காலேஜ் படத்தை அவர் பிளாட்பாரத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தார். ஊரெல்லாம் பையன்கள் தாடி வளர்த்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவர்கள் முதல்முறையாகத் தங்களைத் திரையில் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் தாடியை மட்டும் எடுத்துக்கொண்டு ரயிலை விட்டுவிட்டார்கள். 'இதயம்' (1991) நல்ல படம். ஆனால் அதன் வெற்றியால் முரளி ஆயுசுக்கும் மாணவராகவே இருக்க வேண்டி வந்தது. 2010-ல் மகன் அதர்வா அறிமுகமான 'பாணா காத்தாடி'யில்கூட அவர் அதே இதயம் ராஜாவாக வந்துவிட்டுப் போனார். தியேட்டரில் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பாசமும் இருந்தது. 'நம்மவர்' (1994) வேறு மாதிரி. அங்கே மாணவன் ஒரு பிரச்னை; வாத்தியார்தான் ஹீரோ. 2021-ல் 'மாஸ்டர்' வரை இது தொடர்கிறது. 2022-ல் 'டான்', 2025-ல் 'டிராகன்' இரண்டும் இன்ஜினீயரிங் காலேஜ். டிராகனின் 48 அரியரை மறக்க முடியாது. ஆனால் 48 அரியர் வைத்துவிட்டு ஊர் சுற்றுவதற்குக்கூட ஒரு வசதி வேண்டியிருக்கிறது, கவனித்தீர்களா?

பாலாஜி சக்திவேலின் 'கல்லூரி' (2007) மட்டும் தனி. அரசு கலைக் கல்லூரி, கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள், புது முகங்கள். 2000 பிப்ரவரியில் தர்மபுரியில் மூன்று மாணவிகளை பஸ்ஸோடு எரித்ததே, அதை நினைவில் வைத்து எடுத்த படம். முடிவைத் தாங்க முடியாமல் ஜனங்கள் அமைதியாக எழுந்து போனார்கள். அந்தப் படத்தில் இருந்த தோழமையை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்க்கவில்லை.

சரி, நம்ம ஏரியாவுக்கு வருவோம். 'அட்டகத்தி'. 2012 ஆகஸ்ட் 15 ரிலீஸ். பா.இரஞ்சித்தின் முதல் படம். அவர் ஆவடியை அடுத்த கரலப்பாக்கத்துக்காரர். சென்னையில் கவின் கலைக் கல்லூரியில் படித்தவர். இந்த ஏரியா பஸ்ஸும் ரயிலும் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அம்பத்தூரில் அந்தப் படத்தைப் பார்த்தபோது ஒன்று கவனித்தேன். ஹீரோ அறிமுகத்துக்கு யாரும் விசில் அடிக்கவில்லை. பஸ்ஸுக்கு அடித்தார்கள்!

ஹீரோ தினகரன். ப்ளஸ் டூவில் இங்கிலீஷ் பெயில். டுடோரியலுக்குப் போகிறான். அவன் காதல்கள் எல்லாம் பஸ்ஸிலும் பஸ் ஸ்டாப்பிலும்தான் ஆரம்பிக்கின்றன, அங்கேயே முடிகின்றன. பாஸ் ஆகி காலேஜுக்குப் போனதும் ஆளே மாறுகிறான். தலைமுடி மாறுகிறது, நடை மாறுகிறது, ரூட் தல ஆகிறான். இரண்டாம் பாதியில் இரஞ்சித் ஒரு காரியம் செய்திருக்கிறார், அதற்காகவே அவருக்குக் கை கொடுக்கலாம். அந்த ஃபுட்போர்டைக் கேவலமாகவும் காட்டவில்லை, வீரமாகவும் காட்டவில்லை. வீட்டில் குடிகார அப்பா முன்னால் ஒன்றும் இல்லாதவன், இங்கிலீஷ் பேப்பர் முன்னால் நடுங்குகிறவன், பஸ் படியில் கால் வைத்ததும் ஐந்து அடி உயர்கிறான். பஸ்ஸுக்குள் முப்பது பேர் அவன் பேச்சைக் கேட்கிறார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்கு ஒரு நாற்காலி கிடைக்கிறது. அந்த நாற்காலிக்கு நான்கு காலும் இல்லை, அது ஓடிக்கொண்டே இருக்கிறது என்பது வேறு விஷயம்.

படத்தில் கானா பாலா இரண்டு பாட்டு பாடியிருக்கிறார். இந்தப் பஸ்களில் பல வருஷமாகத் தகரத்தில் தட்டிப் பாடிக்கொண்டிருந்த பாட்டின் சொந்தக்காரர்களில் ஒருவரை ஸ்டுடியோவுக்கு அழைத்து வந்து மைக்கைக் கொடுத்தார்கள். அதுவரை சினிமா கானா என்றால் கானா மாதிரி ஒன்று.

தலைப்பிலேயே படத்தின் விமர்சனம் இருக்கிறது. அட்டையில் செய்த கத்தி. வெட்டாது. ஹீரோ தன்னைக் கத்தி என்று நினைத்துக்கொண்டிருக்கும் அட்டை. அவன் உயிராக நினைக்கிற பூர்ணிமா காதலிப்பது இன்னொரு தினகரனை! பஸ்ஸில் தல, அந்தப் பெண் வாழ்க்கையில் தன் பெயர்கூடத் தனக்குச் சொந்தமில்லை. காதல் தோல்வியில் செத்துப் போகிற ஹீரோக்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு, சோகமாக இருக்க முயற்சி செய்து அதுவும் சரியாக வராமல் தவிக்கிற ஒருவன் எவ்வளவு பெரிய விடுதலை! முப்பத்திரண்டு வருஷம் கழித்து 'ஒரு தலை ராக'த்துக்கு வந்த பதில் இது என்று எனக்குத் தோன்றும்.

இவ்வளவு பிடித்த படத்தில் எனக்கு ஒரு குறையும் உண்டு. இத்தனை வருஷத்தில் அந்தக் குறை பெரிசாகிவிட்டது.

'அட்டகத்தி' ரூட் சண்டையைச் சிரித்துக் கடந்துவிடுகிறது. ஹீரோ கத்தி அட்டை என்பது சரி. ஆனால் இந்த லைனில் எல்லாக் கத்தியும் அட்டை இல்லை. 2017-ல் ஒரு வீடியோ வந்தது. ஓடுகிற ரயிலில் தொங்கியபடி சில மாணவர்கள் பட்டாக்கத்தியை பிளாட்பாரத்தில் தேய்த்துக்கொண்டே போகிறார்கள். 2019 ஜூலை 23-ல் பெரம்பூரில் இருந்து திருவேற்காடு போகிற 29இ பஸ்ஸில் ஏறி, அரும்பாக்கத்தில், பட்டப்பகலில், பயணிகள் அலற அலற வெட்டினார்கள். வெட்டியவர்களும் வெட்டுப்பட்டவர்களும் ஒரே பச்சையப்பன் கல்லூரி, சண்டை ரூட்டுக்கு. போலீஸ் ஊரில் உள்ள ரூட் தலைகளைக் கணக்கெடுத்து நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கியது.

2024 அக்டோபர் 4. சென்ட்ரலில், புறநகர் ரயில் நிலையம் பக்கத்தில், மாநிலக் கல்லூரி ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருவனைப் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள் அடித்தார்கள். திருத்தணிப் பக்கத்தில் இருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவன். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து 9-ம் தேதி இறந்துபோனான். காலேஜில் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அவன் தினமும் வந்த ரயில் அம்பத்தூர் வழியாகத்தான் போகும்.

இந்த இடத்தில் 'காதல் தேசம்' (1996) ஞாபகம் வருகிறது. பச்சையப்பன்-லயோலா சண்டையைத் தமிழ் சினிமா பெயர் சொல்லிக் காட்டிய படம். வினீத் பச்சையப்பன், ஏழைக் கவிஞன். அப்பாஸ் லயோலா, பணக்காரன். கலவரத்தில் ஒருவன் இன்னொருவனைக் காப்பாற்ற, நண்பர்கள் ஆகிறார்கள். பிறகு தபு வந்துவிட, காலேஜ், கலவரம் எல்லாம் மறந்து போகிறது. ரஹ்மான் பாட்டுக்காக நானும் ரசித்தவன்தான். ஆனால் அந்தப் படம் நமக்கு ஒரு தப்பான படத்தை மனதில் பதித்துவிட்டது. ஏழை காலேஜும் பணக்கார காலேஜும் மோதுகின்றன, நட்பு வந்தால் சரியாகிவிடும் என்று.

நடப்பது அதுவா? பச்சையப்பனும் மாநிலக் கல்லூரியும் மோதுகிறபோது எந்தப் பக்கம் பணக்காரன் இருக்கிறான்? இரண்டு பக்கமும் ஒரே ரயில், ஒரே மாதிரி ஊர், வீட்டில் முதல்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்த பிள்ளைகள். இவன் அப்பா பட்டரவாக்கத்தில் லேத்தில் நின்றால் அவன் அப்பா எஸ்டேட்டில் லோடு ஏற்றுவார். இரண்டு பேரும் சென்ட்ரலில் இறங்குகிறார்கள். ஒருவன் கடற்கரைப் பக்கம் போகிறான், மற்றவன் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் திரும்புகிறான். வித்தியாசம் அவ்வளவுதான்! லயோலா பையனோடு மோத வேண்டும் என்றால் அவன் இந்த ரயிலில் வர வேண்டுமே.

அதனால்தான் இதை நட்பு வைத்து முடிக்கிற கதையாக எழுத முடியாது. இருப்பது ஒரே ஒரு பதவி, அதற்கு ஒரே ஒரு மேடை, அது ரயில் வாசல். அங்கே அடுத்தவன் காலேஜ் பெயரைச் சொல்லிக் கத்தினால், இவனுக்கு இருக்கிற ஒரே சொத்தில் கை வைத்த மாதிரி. பச்சையப்பன் 1842-ல் ஆரம்பித்தது, அண்ணா படித்த இடம். மாநிலக் கல்லூரி அதற்கும் இரண்டு வருஷம் மூத்தது. அந்தப் பெருமை எல்லாம் பாடத்தில் இருந்து பையனுக்கு வந்து சேரவில்லை. கானா வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. 'எங்க காலேஜ் கெத்து' என்று கத்துகிறானே, அவன் காலேஜ் மேல் வைத்திருக்கிற அன்பு நிஜம். கல்லூரிகள்தான் அந்த அன்பை வாங்கிக்கொள்ள ஒரு கவுன்ட்டர் திறந்து வைக்கவில்லை.

கொலையை நியாயப்படுத்துகிறேன் என்று யாராவது கடிதம் எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன். கத்தி எடுத்தவன் ஜெயிலுக்குப் போகட்டும். அதில் இரண்டாவது பேச்சு இல்லை. நான் சினிமாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். 'அட்டகத்தி' நமக்கு அந்தப் பையனை முதல்முறையாக மனுஷனாகக் காட்டியது. அவன் எப்போது அட்டையைக் கீழே போட்டு இரும்பை எடுக்கிறான், யார் எடுத்துக் கொடுக்கிறார்கள், அவனுக்கு எதிரே நிற்கிறவன் தன்னைப் போலவே இருப்பது அவனுக்குத் தெரியுமா, இதைக் காட்டுகிற படம் இன்னும் வரவில்லை. இரஞ்சித் எடுத்திருக்கலாம். அவர் 'மெட்ராஸ்', 'கபாலி', 'காலா' என்று பெரிய சுவர்களை நோக்கிப் போய்விட்டார். போனதில் தப்பில்லை. ஆனால் அந்த பஸ்ஸில் அவருக்கு இன்னும் ஒரு டிக்கெட் பாக்கி இருக்கிறது.

இன்னொரு குறை, அது அட்டகத்திக்கு மட்டும் உள்ளது அல்ல. இந்தப் படங்களில் எல்லாம் காமிரா ஃபுட்போர்டில் நின்றுகொண்டு உள்ளே பெண்களைப் பார்க்கிறது. பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள், சிரிப்பாள் அல்லது முறைப்பாள். பூர்ணிமா ஏன் இன்னொரு தினகரனைத் தேர்ந்தெடுத்தாள் என்பது நமக்குத் தெரியாது, ஏனென்றால் காமிரா ஒருமுறைகூட அவள் சீட்டில் உட்காரவில்லை.

காலையில் அம்பத்தூர் பிளாட்பாரத்தில் லேடீஸ் கோச் நிற்கிற இடத்தில் போய்ப் பாருங்கள். எத்திராஜ், குயின் மேரீஸ் என்று போகிற பெண்கள். கொரட்டூர் தாண்டுவதற்குள் மடியில் வைத்து ரெக்கார்டு நோட் எழுதி முடிப்பவள், வில்லிவாக்கத்தில் ஏறுகிற தோழிக்கு இடம் போட்டு வைத்திருப்பவள், ஒரு டப்பா இட்லியை நாலு பேராகச் சாப்பிடுகிறவர்கள். அவர்களுக்கும் ரூட் இருக்கிறது. தல கிடையாது. பிளாட்பாரத்தில் பையன்கள் கத்த ஆரம்பித்தால் எந்தப் பக்கம் இறங்கி ஓட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். எந்த ஸ்டேஷனில் எவன் ஏறுவான் என்பதும் தெரியும். தகராறு நடந்ததாகப் பேப்பரில் வந்தால், 'நாளையில இருந்து காலேஜ் வேணாம்' என்று வீட்டில் முதலில் சொல்வது அவர்களைப் பார்த்துத்தான்.

2003-ல் குயின் மேரீஸ் கல்லூரியை இடித்துவிட்டு அங்கே தலைமைச் செயலகம் கட்டப் போவதாக அன்றைய ஜெயலலிதா அரசு அறிவித்தது. 1914-ல் ஆரம்பித்த கல்லூரி. மாணவிகள் வளாகத்தை விட்டு நகர மாட்டோம் என்று உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். புரொபசர்கள், பழைய மாணவிகள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். உள்ளே போனதற்காக மு.க.ஸ்டாலின் மீது வழக்குப் போட்டு நள்ளிரவில் கைது செய்தார்கள். கடைசியில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. கல்லூரி இன்றைக்கும் கடலைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நிற்கிறது.

கேட், போலீஸ், கூட்டம், கடல், கிளைமாக்ஸில் வெற்றி. கமர்ஷியல் சினிமாவுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கேட்டைக் காட்டுவதில் இவ்வளவு ஆசை உள்ள நம் டைரக்டர்களில் ஒருவருக்கும் அந்தக் கேட் கண்ணில் படவில்லை.